வீரம்மாள் பெயருக்கு முன்னால்

1

இந்தக் கதை எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. பாதி தட்டச்சு வகுப்பில் கிடைத்தது, பாதி டவுன் பஸ்ஸில். இரண்டையும் ஒட்டவைத்தது நான். ஒட்டு தெரிந்தால் என்னைத்தான் குறை சொல்ல வேண்டும்.

வகுப்பு அரியலூரில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மாலை நேரத்தில். வருடம் இரண்டாயிரத்து நாலு. தமிழ் லோயர் பரீட்சைக்காக அன்று கடிதம் அடித்துக்கொண்டிருந்தோம். கடிதம் ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியது. பக்கத்து மெஷினில் இருந்த சண்முகப்பிரியா பாதிச் சொல்லில் விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, இந்தச் சொல்ல நீ யாரையாச்சும் பாத்து வாயத் தொறந்து சொல்லியிருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். அடித்திருக்கிறேன். பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். சொன்னதில்லை.

“மைக்குல கேட்டிருக்கேன். பெரிய மனுசங்க யாராச்சும் செத்துப்போனா சொல்லுவாங்க.”

“அப்ப நமக்கு வேணும்னா செத்தாத்தானா?”

“செத்தாலும் நமக்குப் போடுவாங்களான்னு தெரியாது.”

“பேச்சா, டைப்பா?” என்றார் சார். மறுபடி அடித்தோம்.

அதே வாரம், ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். “எங்கூருல மைக்செட்டுக்காரன் உசுரோட இருந்த பொம்பளயச் சாவடிச்சிட்டான்ல” என்றாள் ஒருத்தி. “அடிப்பாவி, அப்புறம்?” என்றாள் மற்றவள். அதற்குள் அவர்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. பதில் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

நீங்கள் படிக்கப்போவதெல்லாம் அந்த ‘அப்புறம்?’ என்ற கேள்விக்கு நானாகக் கட்டிக்கொண்ட பதில். எனக்கு எதையும் எண் போட்டுத்தான் எழுத வரும், நாட்குறிப்பைக்கூட அப்படித்தான் எழுதுகிறேன். அதனால் கதையிலும் எண்கள் இருக்கும். எண் போட்டால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல ஒரு தைரியம் வருகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

முந்திரித் தோப்புக்கு மேலே ஒரு குரல் மிதந்துகொண்டிருந்தது. அது யாருடைய பெயரையோ

(இங்கேயே விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் பேசுகிறார், யாரைப் பேசுகிறார் என்று தெரியாத குரலை வைத்துக்கொண்டு உங்களை எவ்வளவு தூரம் நடத்திப் போக முடியும்?)

இரண்டாவது தொடக்கம்: ராஜவேல் நல்லவன்.

(இதையும் விட்டுவிட்டேன். அவன் நல்லவன்தான். ஆனால் நான் சொன்னதால் நீங்கள் நம்பக்கூடாது.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது சாதாரணமாக இருக்கிறது.

உடையார்பாளையத்திலிருந்து கிழக்கே போகும் ரோட்டில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரில் மைக்செட் வைத்திருந்தவன் ராஜவேல். சொந்த ஆட்டோ. மேலே முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு குழாய்கள். கோயில் திருவிழா, காதுகுத்து, தண்ணீர் வராது என்ற செய்தி, சாவு எல்லாம் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் ஊருக்குள் வரும். அவன் குரல் கனத்த குரல். எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டதுபோலக் கேட்கும்.

சாவுச் செய்தி சொல்வதில் அவனிடம் ஒரு வரிசை இருந்தது. யாரும் வகுத்துக் கொடுத்ததில்லை. பெரிய தெருக்காரர் இறந்தால் ‘பெருமதிப்பிற்குரிய’ இன்னார் ‘அவர்கள்’. வாத்தியார், தபால்காரர் இறந்தால் ‘மதிப்பிற்குரிய’. மற்றவர்கள் இறந்தால் வெறும் பெயர், அதற்குப் பின்னால் ‘என்பவர்’. அவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்பதோ, யார் எந்தத் தெருவில் இறந்தார் என்பதோ இதில் சேர்த்தி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். வாயில் வந்தது. சொன்னான்.

3

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் வீரம்மாள் அவன் கடைக்கு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அந்தத் தோலின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. படியில் நின்றபடியே சொன்னாள்.

“தம்பி, ஒரு சாவு சொல்லணும்.”

ராஜவேல் பேனாவை எடுத்தான். “யாரு?”

“நாந்தான்.”

அவன் பேனாவை மூடினான். “கிண்டலா? வேல கெடக்கு, போ.”

“கிண்டல் என்னா கெடக்கு. எப்பிடியும் ஒருநாளு நீதான் சொல்லப்போற. அன்னிக்கி நான் கேக்க முடியாதுல்ல. இப்பவே கேட்டுட்டுப் போயிடறேன்.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

“ஒடம்பு நல்லா இருக்கறப்பதான காது கேக்கும்.”

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

“எங்கூட்டுக்காரரு போனப்ப நீ என்னா சொன்ன, நெனப்பிருக்கா?”

அவனுக்கு நினைவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் தங்கசாமி இறந்தார் என்பது தெரியும். அன்று என்ன சொன்னோம் என்பது எந்தச் சாவுக்கும் அவன் மனதில் தங்குவதில்லை.

“அவரு பேரச் சொல்லி, ‘என்பவர்’னு சொன்ன.” புருஷன் பெயரை அவள் இப்போதும் வாயால் சொல்லவில்லை. “பேப்பருல திருடன் மாட்டிக்கிட்டா, இன்னான் என்பவர்னு போடுவான் பாரு. அது மாதிரி. யாருன்னே தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி. இந்த ஊருல பாதிக் கெணறு அவரு எறங்கி வெட்டுனது. உங்கூட்டுக் கெணறு உள்பட.”

“அது வந்து... நான் யோசிச்சுச் சொல்றதில்ல வீரம்மா. தானா வாயில வர்றது.”

“தானா வருதுல்ல. அதான் சொல்றேன். எனக்காச்சும் யோசிச்சுச் சொல்லு.”

“என்னா சொல்லணும்ங்கற?”

“பெருமதிப்பிற்குரிய.” அவள் அதைத் தடங்கலில்லாமல் சொன்னாள். பல நாள் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

“அது பெரிய வூட்டுக்குப் போடறது.”

“பெரிய வூட்டுக்காரரு மட்டும் ரெண்டு தடவயா செத்தாரு?”

 அவன் டேப்ரெக்கார்டரை எடுத்தான். கொஞ்ச காலமாக அவன் அறிவிப்புகளை கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு ஓடவிடுவான். தொண்டைக்கு ஓய்வு. மேசைமேல் கண் சிகிச்சை முகாம் கேசட் கிடந்தது. அதன் மறுபக்கம் காலி. குழாயில் சொன்னால் ஊருக்கே கேட்கும், டேப்பில் பதிந்து காட்டினால் இந்தக் கிறுக்கு இவளோடு போய்விடும் என்று கணக்குப் போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“பெருமதிப்பிற்குரிய வீரம்மாள் அவர்கள் இயற்கை எய்தினார்கள் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

போட்டுக் காட்டினான். வீரம்மாள் படியைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று கேட்டாள். சாவு போகும்போது ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் நிற்பதுபோல.

“இன்னொருக்கா போடு.”

போட்டான். கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

4

(அடிக்குறிப்பு. அடியில் இடம் போதாததால் நடுவிலேயே வருகிறது.)

மதிப்பு என்ற சொல்லை நான் அகராதியில் பார்ப்பதற்கு முன்பே தோப்பில் கேட்டிருக்கிறேன். முந்திரி பூக்கிற பருவத்தில் குத்தகைக்கு எடுக்க வருகிறவர்கள் தோப்பை ‘மதிப்பார்கள்’. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று, தலையை நிமிர்த்தி, பூவையும் பிஞ்சையும் பார்த்து, மனதுக்குள் ஒரு முடிவுக்கு வருவார்கள். அவசரப்படமாட்டார்கள். ஒரு மரத்துக்கே அவ்வளவு நேரம் அண்ணாந்து நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

அந்த வேலையைத்தான் வீரம்மாள் கேட்கிறாள் என்று எழுத நினைத்தேன். நின்று, நிமிர்ந்து, பார்த்துவிட்டுச் சொல். ஆனால் அவள் மரம் இல்லை. அவள் அப்படியெல்லாம் நினைத்திருக்கமாட்டாள். இது என் நினைப்பு. கதாபாத்திரத்தின் தலையில் என் நினைப்பை ஏற்றிவைக்கிறேனா என்ற சந்தேகம் இந்த இடத்தில்தான் வந்தது. சண்முகப்பிரியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “மரத்த விடுடி, அந்தக் கேசட்டு என்னாச்சு?” என்றாள்.

5

மறுநாள் மாலை ராஜவேல் கண் சிகிச்சை முகாமை அறிவிக்கக் கிளம்பினான். கேசட்டைப் போட்டான். குழாய்க்கு அடியிலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக் காது கெட்டுவிடும் என்பதால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வது அவன் வழக்கம். பஞ்சும் ஆட்டோ சத்தமும் சேர்ந்தால் அவனுக்குத் தன் குரலே ஒரு இரைச்சல்தான். சொற்கள் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, சொன்னது அவன்தானே.

கேசட்டைத் திருப்பிப் போட மறந்திருந்தான். தெருவுக்குத் தெரு அவன் மறுபடி மறுபடி ஓடவிட்டது அதன் மறுபக்கம்.

முதல் தெருவில் ஒரு பாட்டரைத் தோளில் சுமந்து போனவர் அதை இறக்கி வைத்துவிட்டு நின்றார்

(‘பாட்டரை’ என்று ஒரு பொருளே கிடையாது. விரல் தவறி அடித்துவிட்டேன். பேட்டரி. நின்றவர் நின்றபடியே இருக்கட்டும், தொடர்கிறேன்.)

டீக்கடை அரியமுத்து ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்துப் பலகையை எடுத்து மாட்டினார். சாவுச் செய்தி போகும்போது கடையைப் பாதி அடைப்பது அங்கே முறை. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கினார்கள். தோளில் இருந்த துண்டுகள் கைக்கு வந்தன. ராஜவேல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் போனான். கண் முகாமுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஆச்சரியப்பட்டான். போன மாதம் போலியோ சொட்டு மருந்துக்கு ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய தெருவில் வேணுகோபால் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அவருடைய அப்பா இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதே குரலில், அதே சொல்லைக் கேட்டு அவர் வெளியே வந்தார். பெயரைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறியது என்று ராஜவேல் கவனிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான்.

6

இப்போது ஆட்டோவைவிட்டு இறங்கி நான் வீரம்மாளிடம் போகிறேன். அவள் தோப்பில் இருக்கிறாள். இந்தப் பகுதிக்காகத்தான் கதையையே எழுதினேன் என்று தோன்றுகிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உடைத்த கொட்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு, மரங்களுக்கு மேலாக, முதலில் ‘பெரு’ மட்டும் வந்தது. பிறகு காற்று திரும்பி மிச்சத்தைக் கொண்டுவந்தது. தன் பெயர் வானத்தில் போவதை அவள் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் எழுத வேண்டும். அவளுக்குப் பயம் வரவில்லை. சேதி சொல்லியாயிற்று, அப்படியானால் இது அதற்குப் பிறகு வரும் நேரம் என்று அமைதியாக நினைத்துக்கொண்டாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள். கால் தரையில் படுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். பட்டது.

வழியில் முந்திரி இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் போன ரோட்டில் வெள்ளைப் புழுதி அந்தரத்தில் நின்றிருந்தது. அதற்குள் புகுந்து வெளியே வந்தபோது சேலை, கை, முடி எல்லாம் வெளுத்திருந்தன.

டீக்கடையைத் தாண்டும்போது அரியமுத்து எழுந்து நின்றார். வழக்கமாக ‘ஏ வீராயி, ஆட்டப் புடிச்சிக் கட்டு’ என்கிற ஆள். இன்று கை தானாகக் குவிந்துவிட்டது.

“வா... வாங்க” என்றார்.

“டீ இருக்கா?” என்று கேட்டாள் வீரம்மாள்.

“உங்களுக்கு இல்லாததாங்க” என்று சொல்லி, கண்ணாடித் தம்ளரைக் கழுவி, மறுபடியும் கழுவி, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் பார்வை அவள் பாதத்திலேயே இருந்தது. அவள் குடித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

அவள் வீட்டு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. உள்ளே யாரும் போகவில்லை, கதவு பூட்டியிருந்தது. உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நடுவில் பச்சையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆடு கத்தரிச் செடியை மேய்ந்த சண்டையில் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரி.

“என் செடிய மேஞ்சுதே ஒன் ஆடு, அது போவட்டும்னு நான் விட்டிருக்கக் கூடாதா! சொன்னா ஒரு சொல்லு, வந்தா சொன்ன நேரம், ஒன்னப்போல ஒருத்தி உண்டா எந் தங்கச்சி!”

வீரம்மாள் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டாள். முன்னால் நின்றவர்கள் யாரும் திரும்பவில்லை. தான் நல்லவள் என்பது அவளுக்கே அவ்வளவு விவரமாகத் தெரியாது. பச்சையம்மாள் பிள்ளைப் பேற்றுக்குப் போனபோது அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டது, தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தது, எல்லாம் பாட்டாக வந்தது. கேட்கக் கேட்க வீரம்மாளுக்கே அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் விம்மினாள்.

பக்கத்தில் நின்றவள் ஆறுதலாக அவள் தோளைத் தொட்டாள். தொட்டவள்தான் முதலில் அலறினாள்.

(இந்த இடத்தில் கூட்டம் ஓடுகிறது, ஒரு செருப்பு மட்டும் தெருவில் கிடக்கிறது என்று எழுதி, அழித்துவிட்டேன். உண்மையில் ஓடியது ஒருத்தியோ இரண்டு பேரோதான் இருக்கும். மற்றவர்கள் நெருங்கி வந்து தொட்டுப் பார்த்திருப்பார்கள்.)

“ஏண்டி பாவி, சாவலியா நீ?” என்றாள் பச்சையம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“இல்லக்கா.”

“அப்ப ஆட்டப் புடிச்சிக் கட்டு. திரும்பவும் செடிகிட்ட நிக்கிது.”

7

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீரம்மாளின் தம்பி சின்னப்பிள்ளை திருமழபாடியிலிருந்து வந்து இறங்கினான். யாரோ போன் செய்திருந்தார்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் கோடிச் சேலை. ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து உடம்புக்குப் போர்த்த எடுத்துவரும் புதுச் சேலை அது.

அக்கா வாசலில் உட்கார்ந்து கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் தம்பி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா என்று முகம் முடிவு செய்யவில்லை.

“இத இப்ப என்னா பண்றது? எடுத்த கோடியத் திரும்ப வூட்டுக்குக் கொண்டுபோவக் கூடாதே.”

“கடையில திருப்பிக் குடு” என்றார் ஒருவர்.

“கோடின்னு சொல்லி எடுத்தது. வாங்கமாட்டான்.”

“ஆத்துல விட்டுரு.”

வீரம்மாள் கையை நீட்டினாள். பிரித்துப் பார்த்தாள். அரக்கு நிறம், மெல்லிய கரை. அவள் கல்யாணத்துக்குப் பிறகு தம்பி எடுத்துக்கொடுத்த முதல் சேலை.

“நல்லாருக்கே. நானே கட்டிக்கிறேன்.”

“அக்கா, அது...”

“எனக்குத்தான எடுத்த? நாந்தான கட்டணும்?”

உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். மடிப்பின் கோடுகள் அப்படியே தெரிந்தன.  புழுதியைக் கழுவியிருந்த முகம் பளிச்சென்று இருந்தது.

8

அதற்குள் ராஜவேலுக்கு விஷயம் தெரிந்து, காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவள் காலில் விழாத குறை.

“மன்னிச்சிரு வீரம்மா... மன்னிச்சிருங்க. இப்பவே போயி எல்லாத் தெருவுலயும் தப்புன்னு சொல்லிடறேன்.”

“என்னா சொல்லுவ?”

“வீரம்மாள் என்ப...” நிறுத்திக்கொண்டான்.

வீரம்மாள் அவனையே பார்த்தாள். “செத்தப்ப பெருமதிப்பிற்குரிய. பொழச்சதும் என்பவரா?”

இதுதான் சங்கதி. இந்த ஊரில் இந்தச் சொல் இதுவரை படுத்திருப்பவர்களின் மேல்தான் போர்த்தப்பட்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி அதைக் கழற்றிக் கொடுக்கமாட்டேன் என்கிறாள். சொல்லோடு சேர்த்துச் சொன்னால் சொல்லு, இல்லாவிட்டால் நான் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். சொன்ன விதத்தில் கோபம் இல்லை. டீ குடித்த தம்ளரின் சூடு இன்னும் கையில் இருப்பவள்போலச் சொன்னாள்.

வேணுகோபால் மொபெட்டில் வந்து இறங்கினார். கத்த வந்தவர் இல்லை. வீரம்மாளைப் பார்த்து, “நல்லா இருக்கியா? அதுவே போதும்” என்றுதான் ஆரம்பித்தார். பிறகு ராஜவேலைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனால் அந்தத் தெருவில் தனியாக என்று ஓர் இடம் கிடையாது.

“ராஜவேலு, தப்பு நடந்துபோச்சு, சரி. திருத்திச் சொல்றப்ப அந்தச் சொல்லு வேண்டாம். எங்கப்பாவுக்கு அதச் சொல்லி ஒரு மாசம் ஆவல. இதுக்கும் அதையே சொன்னா, அவருக்குச் சொன்னதுக்கு என்னா அர்த்தம்?”

“ஐயா...”

“மாசித் திருவிழா செட்டு உன்னோடதுதான். நான் ஒண்ணும் மெரட்டல. எனக்கு மனசு கேக்கல, அவ்வளவுதான்.”

அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தை எழுதாமல் விட்டிருந்தால் கதை எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீரம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். “உங்கப்பாரு பங்க நான் எடுத்துக்கலீங்களே. சொல்லு என்னா சோறா, எனக்கு ஒரு கரண்டி போட்டா அவருக்குக் கொறையறதுக்கு?”

“அப்பிடி இல்ல வீரம்மா. எல்லாருக்கும் போட்டா அது வெறும் சத்தம்.”

“ஒருத்தருக்கே போட்டாலும் சத்தந்தாங்க. கொழாயில வர்றதுதான.”

யாரோ சிரித்தார்கள். வேணுகோபாலுக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவர் அதை அடக்கிக்கொண்டு, “என் தெருவுல எப்பிடிச் சொல்றான்னு பாக்கறேன்” என்று வண்டியைக் கிளப்பினார்.

9

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) ராஜவேல் பெரிய தெருவில் முழுச் சொல்லையும் சொல்கிறான். வேணுகோபால் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிகிறார். சண்முகப்பிரியா: “போடி, கடைசி ரீலு மாதிரி இருக்கு.”

(ஆ) ராஜவேல் ‘என்பவர்’ என்று சொல்லிவிடுகிறான். வீரம்மாள் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, கோடிச் சேலையோடு தோப்பு வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறாள். இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குள் ஒன்று சொல்கிறது. அதைச் சொல்வது அறிவா, பழக்கமா என்று தெரியவில்லை.

(இ) பெயரே இல்லாமல், ‘இன்று மாலை செய்த அறிவிப்பு தவறானது’ என்று மட்டும் சொல்கிறான். சுவர் நோட்டீசில் கண் முகாமைப் பார்த்திருந்த பாதி ஊர், அது ரத்து என்று நினைத்துக்கொள்கிறது.

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வகுப்புக்குக் கீழே கடைப் பலகைகளைப் பார்ப்பேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அரியலூரைத் தனி மாவட்டம் என்று அறிவித்தார்கள், பலகைகளில் எழுதினார்கள். அடுத்த வருடமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், அழித்தார்கள். சில கடைகளில் அழித்த இடத்தில் பழைய எழுத்து இன்னும் தெரிகிறது. ஒரு முறை அறிவித்ததை எவ்வளவு அழித்தாலும் அங்கே எதுவோ இருக்கிறது. இதை வைத்து (ஈ) என்று ஒரு முடிவு எழுதலாம் என்று பார்த்தேன். மாவட்டம் வேறு, வீரம்மாள் வேறு. விட்டுவிட்டேன்.

“நீதான எழுதற? நீயே அந்தச் சொல்லப் போட்டு முடிச்சுடேன். யாரு கேக்கப் போறா?” என்றாள் சண்முகப்பிரியா.

அதுதான் சிக்கல். யாரும் கேட்கப்போவதில்லை. வகுப்பில் அந்தச் சொல்லை எத்தனையோ தாள்களில் அடித்திருக்கிறேன், முகம் தெரியாத ஐயாக்களுக்கு. எனக்கு அதில் எந்த நஷ்டமும் இல்லை. ராஜவேல் சொன்னால் அவனுக்கு ஒரு திருவிழா போகும். அதை இழக்கத் தயாராக இருக்கிற வாயிலிருந்து வந்தால்தான் அது வீரம்மாள் கேட்ட சொல். நான் அடித்துக் கொடுத்தால் அது பயிற்சிக் கடிதம்.

10

ஆட்டோ கிளம்பிவிட்டது. வீரம்மாள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். தம்பி எவ்வளவோ சொல்லியும் இறங்கவில்லை. கேசட் இல்லை. ராஜவேல் ஒரு கையில் வண்டியையும் ஒரு கையில் மைக்கையும் பிடித்திருக்கிறான். அவள் தெருவில் சொல்லிவிட்டான், முழுதாக. பச்சையம்மாள் வாசலில் நின்று கையாட்டினாள். அங்கே சொல்வது சுலபம்.

இப்போது பெரிய தெருவின் முனை. கடைசி வெளிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது. வீடுகள், மரங்கள், ரோடு எல்லாம் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. வாசல்களில் ஆட்கள். வேணுகோபால் தன் வாசலில் நிற்கிறார். உள்ளே போகவும் இல்லை, கையைக் கட்டவும் இல்லை. அவர் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ராஜவேல் வண்டியை மெதுவாக்கி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மூச்சை உள்ளே இழுத்தான். இழுத்த மூச்சை எப்படியும் விட்டாக வேண்டும்.

நான் இங்கே நின்றுகொள்கிறேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் வேண்டாம், மனதுக்குள் எல்லோரும் எல்லோரையும் மதிக்கிறோம். வாயைத் திறந்து, பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி. ‘யாரது?’ என்று அவர் கேட்பார். ஒரு முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பெயரை மட்டும் அடித்து வைத்திருக்கிறேன். முன்னாலும் பின்னாலும் இடம் விட்டிருக்கிறேன்.

“ம், சொல்லு தம்பி” என்கிறாள் பின்சீட்டிலிருந்து.

. . . . . . . . . . . . . . . . வீரம்மாள் . . . . . . . . . . . .